குன்றுக்குப் போக ஒரு லீவு

கலோலைனி ஆக்லாந்துக்கு வந்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. ஒனஹங்காவில் அவள் வீட்டு அடுப்படி ஜன்னலைத் திறந்தால் ஒன் ட்ரீ ஹில் குன்றின் உச்சியில் நிற்கும் கல்தூண் தெரியும். ஒரு தடவைகூட மேலே போனதில்லை. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை, ஞாயிறு முழுக்க சர்ச், நடுவில் யாருக்காவது கல்யாணம் அல்லது சாவு. அப்படியே போய்விட்டது.

டோங்காவிலிருந்து தங்கை ஃபுசி இரண்டு வாரத்துக்கு வந்தாள். பெட்டியை இறக்கி வைத்த கையோடு அந்தத் தூணைத்தான் கேட்டாள்.

"ஊர்ல எல்லார் வீட்டுச் சுவர்லயும் அது முன்னாடி நின்ன போட்டோ இருக்குக்கா. நான் மட்டும் எடுக்காமப் போனா, நீ நெஜமாவே ஆக்லாந்துக்குத்தான் போனியான்னு கேப்பாளுங்க."

"போயிடலாம்டி. அது எங்க ஓடிடப் போவுது?"

முதல் சனிக்கிழமை ஒரு சாவு. டோங்கா வழக்கப்படி கறுப்பு உடுத்தி, இடுப்பில் பாயைச் சுற்றிக்கொண்டு நாள் முழுக்க நின்றார்கள். அடுத்த சனிக்கிழமைக்கு மைத்துனன் லத்து வேன் கொண்டுவருவதாகச் சொன்னான். வேன் என்றதும் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். கலோலைனி வேலை இடத்தில் விரிப்புகளை மடித்துக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கி எல்லாருக்கும் பதில் சொன்னாள்.

"உச்சி வரைக்கும் வண்டி போகாது அத்தை. கேட் போட்டுட்டாங்க. நடக்கணும்."

"நடக்கவா? அப்ப நான் எதுக்கு வரேன்?"

"வேண்டாம்னா விடுங்க."

"வராதேங்கிறியா?"

அதைச் சமாதானம் செய்யவே இரண்டு நாள் ஆனது. சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. பன்னிரண்டு பேரும் கலோலைனி வீட்டிலேயே உட்கார்ந்து, மேலே கொண்டுபோக அவள் அவித்த சேம்பு இலைப் பொதி அத்தனையையும் தின்றுவிட்டுப் போனார்கள்.

ஃபுசிக்குப் புதன்கிழமை விமானம். திங்களன்று கலோலைனி மேற்பார்வையாளரிடம் கெஞ்சி, இரண்டு சனிக்கிழமை வேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டு, செவ்வாய்க்கு லீவு வாங்கினாள். லத்துவிடம் வேனுக்கும் சொல்லிவைத்தாள். பிற்பகல் மூன்று மணிக்கு வீங்கிய காலோடு வீட்டுக்கு வந்தாள். வாசலில் ஃபுசியின் செருப்பு சேறும் ஆட்டுப் புழுக்கையுமாகக் கிடந்தது.

"போயிட்டு வந்துட்டேன்க்கா," என்றாள் ஃபுசி, உருளைக்கிழங்கு சீவியபடி. "வழி கேட்டுக்கிட்டே நடந்தேன். பேரு ஒத்த மரம், அங்க வேலிக்குள்ள குட்டி குட்டியா மரம் ஒரு கூட்டமே நிக்குது. ஒரே காத்து."

போனை நீட்டினாள். பாதித் தூண், பாதி ஃபுசி, ஓரத்தில் அவள் கட்டைவிரல்.

கலோலைனி நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் வந்தது, ஆனால் அதைத் தூக்கி நிறுத்த உடம்பில் தெம்பில்லை.

"நாளைக்கு லீவு போட்டிருக்கேன்டி. உனக்காகத்தான்."

ஃபுசியின் கத்தி நின்றது. "சொல்லவே இல்லையே?"

"இப்பத்தானே கெடச்சுது."

"நான் உன்னைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். சோத்துல கை வச்சிக்கிட்டே தூங்குறே. இன்னும் எத்தனை நாளைக்கு எனக்காக ஆளுங்களைக் கூப்பிட்டுக்கிட்டு இருப்பே? அதான் போயிட்டேன்."

"நானும் வந்திருப்பேன்."

"நாளைக்குப் போலாமா? நான் மறுபடியும் ஏறுறேன்."

கலோலைனி முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். போக வேண்டும் என்றுதான் இருந்தது. "வேண்டாம்," என்றாள் கடைசியில்.

செவ்வாய்க்கிழமை லத்து போன் செய்து, ஃபுசி ஸ்பீக்கரில் எடுத்தது பாதித் தூக்கத்தில் கலோலைனியின் காதில் விழுந்தது.

"வேன் ரெடி. எத்தனை பேரு?"

"யாரும் இல்ல. அக்கா தூங்குது," என்றாள் ஃபுசி. "அத்தைக்கு நீயே சொல்லிடு."

கலோலைனி திரும்பிப் படுத்தாள். ஒரு மணி வரை எழுந்திருக்கவில்லை. எழுந்து வந்தபோது சாப்பாடு மூடி வைத்திருந்தது. இரண்டு பேரும் நிதானமாகச் சாப்பிட்டார்கள்.