ஓடி இளைத்தவள்

"பனியனைத் தூக்குடி," என்றாள் அக்கா, உதடுகளுக்கிடையில் குண்டூசிகளைக் கவ்வியபடி.

தங்கை இரண்டு கைகளையும் இடுப்போடு ஒட்டிக்கொண்டாள். "பனியனுக்கு மேலயே அளவு எடுக்கா. கூச்சமா இருக்கு."

"என்கிட்ட என்ன கூச்சம்? உன்னைக் குளிப்பாட்டி விட்டவ நான்."

"அப்ப விவரம் தெரியாது. இப்பத் தெரியுது."

வாய்விட்டுச் சிரித்தால் ஊசி உள்ளே போய்விடும் என்பதால் அக்கா மூக்காலேயே சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டப் பந்தயத்துக்காக ஒரே துணியில் இரண்டு சட்டைகள் தைத்திருந்தாள். தங்கை போட்டிருந்த சட்டையில் அக்குளுக்குக் கீழே ஒரு கைப்பிடித் துணி மிச்சமாகத் தொங்கியது. அதைக் கிள்ளிப் பிடித்து ஊசி குத்தினாள். அந்த விரல்கள் பனியனுக்கு மேலே விலாவோரமாக நகர்ந்தபோது தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் தொங்கிய நூல்கண்டுகளைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கீழே வந்தால் கதை கந்தலாகிவிடும்.

"மறுபடி இளைச்சிருக்கே. உனக்குத் தைக்கிறதைவிடப் பிரிக்கிறதுதான் அதிகம்." அக்கா கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவித் தன் இடுப்பைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள். நாடா எதுவும் புதிதாகச் சொல்லவில்லை. அதைச் சுருட்டி மேசைமேல் எறிந்தாள். "நானும்தான் ஓடறேன். ஒரே ரோடு, ஒரே செருப்புக் கடையில வாங்குன ஷூ. என்கிட்ட என்னடி குறை?"

தங்கையிடம் பதில் இருந்தது. அதைத்தான் ஒரு வருடமாக வயிற்றுக்குள் வைத்திருந்தாள்.

தெருவில் அவர்களுக்குப் பெரிய மூட்டை, சின்ன மூட்டை என்று பெயர். பேருந்தில் இருவர் உட்காரும் இருக்கையில் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்ததே கிடையாது. அக்கா தையல் கடை வைத்திருந்தாள். தங்கைக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. மாடியிலிருந்த கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையிலிருந்து புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்வாள். கீழே நிற்பவர்கள் அந்தக் குரலுக்கு ஒரு கொடி உடம்பைக் கற்பனை செய்துகொள்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வேலை முடிந்து படியிறங்கும்போது யாரிடமும் பேசமாட்டாள். குரலை மேலேயே விட்டுவிட்டு வருவதுபோல இறங்குவாள்.

ஒரு நாள் தொலைக்காட்சியில் இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை பற்றி ஒரு மருத்துவர் பேசிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு சட்டைக்குக் காலர் வைத்தபடியே சொன்னாள்: "வாயைக் கட்ட முடியாதவங்கதான் வயித்தை வெட்டிக்கிறாங்க." அப்போது தங்கை அதே சிகிச்சைக்கு மருத்துவமனையில் நாள் குறித்துவிட்டு வந்திருந்தாள். அன்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில், அலுவலகப் பயிற்சி என்று சொல்லிப் பெட்டியோடு கிளம்பிப் போனாள். திரும்பி வந்து கிண்ணத்தில் கஞ்சியை வைத்துக்கொண்டு துளித்துளியாக உறிஞ்சினாள். உடம்பு கரையத் தொடங்கியதும் அக்கா கேட்டாள், "என்னடி பண்றே?"

"ஓடறேன்," என்றாள். வாயில் வந்த முதல் சொல் அது.

சொல்லிவிட்டால் போதுமா? விடிந்ததும் ஷூ மாட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்குக் கிளம்பும் முன் குழாயைத் திறந்து தலையையும் கழுத்தையும் நனைத்துக்கொள்வாள். அக்காவும் "இவ்வளவு வேர்வையா" என்று துண்டை நீட்டுவாள். ஒரு காலையில் பூங்கா வாசலில் அக்காவின் உருவம் தெரிந்தது. தங்கை எழுந்தாள். வேறு வழியில்லாமல் ஓடினாள்.

முதலில் பயம்தான் வந்தது. தொங்கிப்போன தோல் தொடையிலும் கையிலும் பட் பட்டென்று அடித்தது. அவளுடைய பழைய உடம்பு பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்து, எங்கே என்னை விட்டுவிட்டுப் போகிறாய் என்று கேட்பதுபோல் இருந்தது. ஒரு திருப்பத்தில் திரும்பிக்கூடப் பார்த்தாள். பிறகு ஒரு நாள், எந்த நாள் என்று தெரியவில்லை, பின்னால் வந்த காலடி நின்றுவிட்டது. காற்று முகத்தில் நேராக வந்து மோதியது. அன்று ஓடி முடித்த பிறகும் அவள் வீட்டுக்குப் போக மனமில்லாமல் இன்னொரு சுற்று போனாள். பொய்யைக் காப்பாற்றப் போன இடத்தில் இப்படியொன்று கிடைத்ததை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அதற்குள் அக்காவும் ஷூ வாங்கிவிட்டாள். ஓடினாள், முழங்கால் வீங்கியது, பட்டை கட்டிக்கொண்டு ஓடினாள். இளைக்கவில்லை என்றதும் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினாள். பிறகு காலைச் சாப்பாட்டை. தையல் இயந்திரத்தின் முன்னால் கண் இருட்டி ஒரு தடவை விரலில் ஊசியை ஏற்றிக்கொண்டாள். "நீ சாப்பிடற அளவுதானே நானும் சாப்பிடறேன்," என்றாள்.

ஞாயிறு விடியலில் ஆற்றுப் பாலத்தருகே கூட்டம் சேர்ந்திருந்தது. விசிலும் தொப்பியுமாக ஒருவர் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். இவர்களைப் பார்த்து, "அக்கா தங்கச்சியா? ஒரே பீஸ்ல வெட்டின மாதிரி இருக்கு," என்றார்.

"துணிதான் ஒரே பீஸ்," என்றாள் அக்கா. "ஆளு வேற."

ஓட்டம் தொடங்கியது. தங்கை தன் வேகத்தை அடக்கி அக்காவின் தோளோடு தோளாக ஓடினாள். அக்காவின் மூச்சு விசிறி மாதிரிச் சத்தம் போட்டது. பாலத்தின் நடுவில் அவள் முகத்திலிருந்த சிவப்பு இறங்கி உதடு வெளுத்தது.

"நேத்து என்னக்கா சாப்பிட்டே?"

"தண்ணி."

"முந்தாநாள்?"

"நீ என்ன போலீஸா?" அக்கா கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றாள். தோளில் தொங்கிய பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறக்கவே அவளுக்கு நிறைய நேரம் ஆனது. "பழச்சாறும் தேனும். வழியில நிக்காம ஓடணும்னு கலக்கிட்டு வந்தேன். இந்தா, பாதி உனக்கு."

"எனக்கு வேணாம். நீ குடி."

"நீ குடிக்காததை நான் குடிக்க மாட்டேன். இத்தனை நாள் உன்னைப் பார்த்துத்தான் சாப்பிடறேன், குடிக்கறேன். கடைசி நாள்ல மாத்த மாட்டேன்."

"உனக்குத் தலை சுத்துதுக்கா."

"சுத்தட்டும்."

மருத்துவமனையில் உணவு ஆலோசகர் முதல் நாளே சொல்லியிருந்தார். தண்ணீராக இருந்தாலும் வாய் வாயாகத்தான் குடிக்க வேண்டும்; இனிப்பை மடமடவென்று குடித்தால் சின்ன இரைப்பை தாங்காது, நெஞ்சு படபடக்கும், ஆளைச் சாய்த்துவிடும். அது தங்கைக்கு மனப்பாடம். எதிரே அக்காவின் கண்கள் செருகத் தொடங்கியிருந்தன. உண்மையைச் சொல்லிக் கெஞ்சிப் புரியவைக்க நேரமில்லை, அல்லது நேரமில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாட்டிலைப் பிடுங்கிப் பாதியை ஒரே மூச்சில் குடித்தாள்.

"குடி இப்ப."

அக்கா குடித்தாள். கொஞ்ச நேரத்தில் கன்னத்தில் உயிர் வந்தது. "தேவாமிர்தம்டி," என்று வாயைத் துடைத்தாள். மறுபடி ஓடத் தொடங்கினார்கள்.

பாலம் முடிவதற்குள் அது வந்தது. முதலில் உள்ளங்கை ஈரமானது. பிறகு முதுகெல்லாம் குளிர்ந்த வியர்வை. நெஞ்சு ஒலிபெருக்கியில் வைத்ததுபோல் காதுக்குள் அடித்தது. குடலை யாரோ துணி பிழிவதுபோல் முறுக்கினார்கள். நடைபாதை ஓரத்தில் முட்டி போட்டாள். பிறகு ஒருக்களித்துப் படுத்துவிட்டாள். ஓடுகிறவர்களின் கால்கள் அவளைச் சுற்றி ஒதுங்கிப் போயின.

"மூச்சு விடுடி. என்னைப் பாரு. நெஞ்சு வலிக்குதா?" அக்கா பக்கத்தில் விழுந்தடித்து உட்கார்ந்தாள். காற்று படட்டும் என்று சட்டையின் பக்கத் தையலைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். பனியனை மேலே தள்ளினாள்.

அவள் கை அப்படியே நின்றது.

தொப்புளைச் சுற்றிச் சின்னச் சின்னத் தழும்புகள். வெளிறி, பளபளப்பாக, ஒவ்வொன்றும் ஒரு பொத்தான் துளையின் நீளம். அக்கா ஒன்றை விரலால் தொட்டாள். இன்னொன்றைத் தொட்டாள்.

"இது யாரு போட்ட தையல்?"

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். "டாக்டர்."

"எப்ப?"

"பயிற்சிக்குப் போனேனே. அப்ப."

விசில்காரர் ஓடிவந்து ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்டார். தங்கை கையை ஆட்டினாள். "இனிப்பு ஒத்துக்கலை. கொஞ்சம் படுத்திருந்தா சரியாகிடும்." அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

அக்கா பனியனை இழுத்துத் தழும்புகளை மூடினாள். படபடப்பு மெல்ல இறங்கி, தங்கை கம்பியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப நீ ஓடி இளைக்கலை," என்றாள் அக்கா.

"இல்லக்கா."

"என்கிட்ட குறையில்லை."

"இல்லவே இல்லை."

"ஒரு வருஷம் என்னைப் பட்டினி போட்டியேடி." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தங்கைக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தெருவெல்லாம் மூட்டைன்னு சொன்னப்பக்கூட எனக்கு வலிக்கலை. கூட நீ இருந்தே. நீ மட்டும் இறங்கிப் போயிட்டே, சரி. ஏணி எங்க இருக்குன்னு ஏன் பொய் சொன்னே?"

"வாயைக் கட்ட முடியாதவன்னு நீ சொல்லுவேன்னு பயந்தேன்."

"சொல்லியிருப்பேன்," என்றாள் அக்கா. "ஒரு வாரம் சொல்லியிருப்பேன். அப்புறம் கஞ்சி காய்ச்சியிருப்பேன்."

குனிந்து தன் ஷூக்களை அவிழ்த்தாள். வீங்கிய முழங்காலிலிருந்து பட்டையையும் பிரித்தாள். "எனக்கு இந்த ஓட்டம் ஒரு நாளும் பிடிச்சதில்லை. தெரியுமா உனக்கு? ஒவ்வொரு அடியும் செத்துப் பிழைச்சேன். உனக்கு?"

"முதல்ல நடிச்சேன். தொட்டிக்குப் பின்னால உட்கார்ந்து தலையை நனைச்சுக்குவேன்."

"அடிப்பாவி. நான் துண்டு குடுத்தேன்."

"இப்பப் பிடிச்சிருக்கு."

"அதுவாவது நிஜமா?"

"அது நிஜம்க்கா."

அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். தைத்த துணியைத் திருப்பிப் போட்டு உட்புறத் தையலைப் பார்க்கிறவளைப்போலப் பார்த்தாள். பிறகு தன் மார்பில் ஓட்ட எண் தாளைக் குத்தியிருந்த பின்ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தாள் காற்றில் பறந்து ஆற்றுப் பக்கம் போனது. தங்கையின் கிழிந்த சட்டையை இழுத்துச் சேர்த்து அந்த ஊசிகளைக் குத்தத் தொடங்கினாள். ஒன்று தோலில் ஏறியது. தங்கை முனகவில்லை. தெரிந்தே குத்தினாளா என்று கேட்கவும் இல்லை.

"உன்னால எழுந்திருக்க முடியுதா?"

"முடியுது."

"நடந்து போ. முடிஞ்சா அப்புறம் ஓடு. நான் அந்த முனையில பன் வாங்கித் தின்னுட்டு வீட்டுக்குப் போறேன். ரெண்டு பன். யாரையும் பார்த்துத் தின்ன மாட்டேன்." வெறுங்காலோடு எழுந்தாள். "வீட்டுக்கு வா. இன்னும் நான் திட்டவே ஆரம்பிக்கலை."

தங்கை கம்பியைப் பிடித்தபடி நடந்தாள். பாலம் முடிந்து சாலை வளையும் இடத்தில் திரும்பிப் பார்த்தாள். அக்கா கடை வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். ஒரு முறைகூடத் திரும்பவில்லை. விலாவில் ஊசி குத்திய இடம் சுருக்கென்றது.

அவள் மெதுவாக ஓடத் தொடங்கினாள். இந்தச் சாலை சுற்றிக்கொண்டு போனாலும் கடைசியில் வீட்டுப் பக்கம்தான் போகிறது.