பஞ்சநதம் ஐயா அனுப்பின சாம்பல்

கேக்காம குடுக்குற ஆளு இல்ல பஞ்சநதம் ஐயா. இருபது வருஷமா அவரு வயல்ல நடவு நட்டு, களை பறிச்சு, கதிரு அறுத்தவ நான். அவரு குணம் எனக்குத் தெரியாதா? அப்படியாப்பட்டவரு தன்னோட ரைஸ்மில்லுலேர்ந்து ஒரு வண்டி உமிச் சாம்பல எங்க வாசல்ல இறக்கச் சொன்னாருன்னதும், இதுல என்னமோ சூது இருக்குன்னு நெனச்சேன்.

எங்க வூட்டுக்காரரு ராஜாங்கத்துக்கு வாயெல்லாம் பல்லு. திருச்சியில ஒரு பேக்கரியில ரெண்டு வருஷம் மாவு பிசைஞ்சுட்டு வந்த மனுஷன். கொல்லையில செங்கல்லும் களிமண்ணும் வச்சு தானே ஒரு ரொட்டி அடுப்பு கட்டியிருந்தாரு. திருக்காட்டுப்பள்ளி டீக்கடைக்கெல்லாம் பன்னு போடணும்னு ஆசை. அந்த அடுப்போ விறகத் தின்னுச்சே தவிர, சூடு நிக்கல. வெளியில கைய வச்சா கொப்புளிக்கும், உள்ள பன்னு வேகாம வெளுத்துக் கெடக்கும். சுத்தி இன்னொரு சுவரு வச்சு, நடுவுல ஒரு முழத்துக்கு உமிச் சாம்பல அடைச்சா சூடு வெளிய போவாதுன்னு பேக்கரி மேஸ்திரி சொல்லிக் குடுத்தாராம். சாம்பலுக்கு அலைஞ்சுக்கிட்டுக் கெடந்தாரு. அந்த நேரம் பாத்துத்தான் வண்டி வந்து நின்னுச்சு.

வண்டி ஓட்டியாந்த மருதையன்கிட்ட, ஐயா வேற என்ன சொன்னாருன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லலையாம். என்னிக்கு அடுப்பு பத்த வைக்கிறோம்னு மட்டும் பாத்துக்கச் சொன்னாராம்.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. மனைச் சட்டம் வந்த வருஷம் அது. பண்ணை நெலத்துல குடியிருக்குற விவசாயக் கூலிக்கு, அவன் குடிசை நிக்கிற மனை சொந்தம்னு கவர்மெண்டு சொல்லிடுச்சு. எங்க வூடு நிக்கிறது பஞ்சநதம் ஐயா நெலத்துல. மனு குடுத்துட்டோம், தாலுக்கா ஆபீசு ஆர்.ஐ. பாக்க வரணும். வர்றப்ப இங்க பேக்கரி நடந்தா? இவன் கூலி இல்ல, வியாபாரி. இது வூடு இல்ல, கடைன்னு அவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமே. எங்க புள்ளைங்க மூணும் பொறந்து வளந்த குடிசை போயிடும்.

எடுத்துச் சொன்னா இந்த மனுஷன் கேட்டாத்தானே! எதுக்கெடுத்தாலும் உனக்குச் சந்தேகம்தான் புள்ளன்னு சிரிச்சுட்டு, சுவரு வச்சு சாம்பல அள்ளி அள்ளிக் கொட்டி இடிச்சு அடைச்சாரு. கொட்டுறதுக்கு முன்னாடி நான் ஒவ்வொரு மூட்டையா கிளறிப் பாத்தேன். கண்ணாடித் தூளு, உப்பு, என்னத்தயாச்சும் கலந்து வச்சிருப்பாரோன்னு. வெறும் சாம்பல்தான். அது எனக்கு இன்னும் சந்தேகமா இருந்துச்சு.

ஒரு வெள்ளிக்கெழமை காலையில அடுப்ப நல்லா எரிச்சு, தணல வாரிட்டு, அறுவது பன்ன உள்ள வச்சு, வாயப் பலகையால மூடி மண்ணு பூசினாரு. பூசின ஈரம் காயல, தெருமுனையில பஞ்சநதம் ஐயா காரு. முன் சீட்டுல ஆர்.ஐ.

எங்கேர்ந்துதான் எனக்கு அந்த வேகம் வந்துச்சோ. கூலி நெல்லு ரெண்டு மூட்டையத் தூக்கி அடுப்பு மேல போட்டேன். சாணியக் கரைச்சு அது வாயி மேல மெழுகினேன். நெல்லு கொட்டி வைக்கிற மண் குதிருக்கும் எங்க பக்கம் அடியில ஒரு வாய் வச்சு இப்படித்தான் மெழுகி அடைப்போம். பன்னு வாசம் கசியுமேன்னு, சமையக்கட்டு அடுப்புல ஒரு கை கருவாட்ட அள்ளிப் போட்டேன். வூடே நாறிச்சு.

பஞ்சநதம் ஐயா துண்டால மூக்கப் பொத்திக்கிட்டு நேரா கொல்லைக்கே வந்தாரு. "பாத்துக்குங்க சார், பேக்கரி. சாம்பலே என் மில்லுலேர்ந்துதான் வந்துச்சு"ன்னாரு. பாவி மனுஷன், நான் நெனச்சது அப்படியே சரியாப் போச்சு.

"நெல்லுக் குதிருங்க ஐயா"ன்னேன். பொய்தான்.

"காலையில பொகை வந்துச்சுன்னு என் ஆளு பாத்துட்டு வந்து சொன்னான் சார். இப்பவும் நெருப்பாட்டம் சுடும். கைய வச்சுப் பாருங்க."

ஆர்.ஐ. சுவத்துல கைய வச்சாரு, வெடுக்குனு எடுத்துக்கத் தயாரா. எடுக்கல. இன்னும் நல்லா அமுத்தி வச்சாரு. ஜில்லுனு இருக்கேன்னாரு. பஞ்சநதம் ஐயா நம்பல. துண்ட விட்டுட்டு ரெண்டு கையையும் வச்சாரு. இந்தப் பக்கம் வச்சாரு, அந்தப் பக்கம் வச்சாரு. அவரு மில்லுச் சாம்பலு ஒரு பொட்டுச் சூட்டக்கூட வெளிய விடல. அவரு மூஞ்சிதான் செவந்து போச்சு.

ஆர்.ஐ. என்னையக் கையக் காட்டச் சொன்னாரு. காட்டினேன். நடவுச் சேறு ஏறி நகக்கண்ணெல்லாம் கறுத்து, அருவா வெட்டுத் தழும்போட இருந்த கை. திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் விவசாயக் கூலின்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதினாரு.

அதோட போனாங்களா? மனைய அளந்து, நாலு எல்லையும் குறிச்சு, கைநாட்டு வாங்கி முடிக்க ஒன்றரை மணி நேரம். ராஜாங்கம் நாடாவப் புடிச்சுக்கிட்டு நின்னாரு, கண்ணு மட்டும் அடுப்பு வாயிலயே. தொறக்க முடியுமா?

காரு போன சத்தம் அடங்கின பெறகு ஒடைச்சுத் தொறந்தோம். உள்ளேர்ந்து அனலு மூஞ்சில அடிச்சுது. அறுவதும் கரி. ராஜாங்கம் அங்கேயே உக்காந்து சின்னப் புள்ளையாட்டம் தேம்பினாரு. நான் ஒண்ண எடுத்து ஊதி, கடிச்சேன். நாக்கெல்லாம் கசந்துச்சு. ஒரு துண்டு விடாம தின்னேன். எங்க சொந்த மனையில வெந்த மொத பன்னு அது.