கையைத் தூக்கினால் வெளிச்சம்

எங்கள் மெத்தைக் கம்பெனியில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று கிளம்பியவள் வேறு யாருமல்ல, என் நாத்தனார். நான் கணக்குப் பிரிவு, அவள் சுற்றுச்சூழல் அதிகாரி. ஆபீஸ் அவளுக்கு வைத்த பெயர் பச்சைக்கிளி. அவளை வேலைக்குச் சிபாரிசு செய்து, சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவள் நான்தான்.

முதலில் லிஃப்ட் போயிற்று. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தால், ஏசி மனசு வைத்தால்தான் வரும். பிரிண்ட் எடுக்காதே, சந்தேகம் என்றால் எழுந்துபோய் நேரில் கேள் என்றாள். இதெல்லாம் பரவாயில்லை, அந்த விளக்கு இருக்கிறதே! அறையில் யாரும் அசையாவிட்டால் தானாக அணைந்துவிடும். மெத்தை தைக்கிறவர்களுக்குக் கை ஓயாது, சரி. கணக்குப் பார்க்கிறவன் அசைவானா? ஒரு வரி கூட்டி முடிப்பதற்குள் பொட்டென்று இருட்டு. உடனே எல்லோரும் ஆளுக்கொரு கையைத் தூக்குவோம், வெளிச்சம் வரும். பழகிப்போய், வீட்டில் கரண்ட் போனபோதும் நான் கையைத் தூக்கினேன். என் கணவரும் அவர் தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அவள் சிரித்தாளே, அதுதான் சங்கதி. பழைய வேலை போனதிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை, எங்கள் வீட்டுப் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். இங்கே வந்த பிறகுதான் வாய் ஓயாத பேச்சு. இதுவும் தற்காலிக வேலைதான். ஆபீஸில் அவளைத் திட்டித் தீர்த்தாலும் இதுவும் போய்விட்டால் என்று உள்ளுக்குள் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

கரண்ட் பில் பாதியானதில் முதலாளிக்குக் குஷி. நேரில் கேட்டுக் குறிப்பதால், அளவு தப்பித் திரும்பி வரும் மெத்தையும் குறைந்திருந்தது. ஆனால் எரிச்சலில் சிலர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். இருப்பவர்களே முடிவு செய்யட்டும் என்று, வெயிலுக்குத் திரை போட்டிருந்த ஹாலில் எல்லோரையும் கூட்டினார். திட்டம் வேண்டுமென்றால் பச்சைக்கிளிக்கு நிரந்தர வேலை. வேண்டாமென்றால் அவளும் வீட்டுக்குப் போகலாம்.

ஒருத்தரும் கையைத் தூக்கக் கூடாது என்று ஸ்டோர்கீப்பர் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். ஏசி சரியாக வராத ஆத்திரத்தில் நானும் மண்டையை ஆட்டியிருந்தேன்.

“திட்டம் தொடரணும்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க” என்றார் முதலாளி.

ஒரு கைகூட எழவில்லை. என் கையும்தான். கொடுத்த வாக்கும் பின்னறைக் கதவும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, நான் சிலையாக உட்கார்ந்திருந்தேன். மொத்தக் கூட்டமும் மூச்சுவிடாமல் இருந்தது. அசையாவிட்டால் என்ன ஆகும்? விளக்கு அணைந்தது. அத்தனை கையும் மேலே போனது.

வெளிச்சம் வந்தபோது முதலாளி வாயைப் பிளந்து நின்றார். இறக்க யாருக்கும் தைரியம் இல்லை. ஸ்டோர்கீப்பர் தூக்கிய கையால் மெல்லத் தலையைச் சொறிந்தார். எனக்குச் சிரிப்பு நெஞ்சை முட்டியது. ஜெயித்துவிட்டாள்!

அப்போதுதான் அந்தப் பைத்தியம் எழுந்து நின்றது.

“சார், இது லைட்டுக்காகத் தூக்கின கை. திட்டத்துக்காக இல்ல. ஜன்னல் திரையை விலக்கிட்டு இன்னொரு தடவை கேளுங்க.”

திரை விலகி வெயில் உள்ளே வந்தது. முதலாளி மறுபடி கேட்டார். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாக்காவது ஒன்றாவது என்று கையைத் தூக்கினேன். ஸ்டோர்கீப்பர் என்னை முறைத்தார்.

“அந்தப் பாழாப்போன லைட்டை மட்டும் மாத்தச் சொல்லுங்க சார். மத்ததை நாங்க பொறுத்துக்கறோம்” என்றேன்.

ஸ்டோர்கீப்பர் முறைத்தபடியே, மாடி ஏறி ஏறித் தன் சர்க்கரை குறைந்திருப்பதாக முணுமுணுத்துக்கொண்டு கையைத் தூக்கினார். அப்புறம் இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுந்தன. கேஷியர் மட்டும் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருந்துவிட்டுப் போகட்டும், பாதிக்கு மேல் வந்துவிட்டது.

சாயங்காலம் படியிறங்கும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். கேன்டீன் குப்பையை என்ன செய்யலாம், பஞ்சுக் கழிவை எங்கே அனுப்பலாம், அடுத்த கோடைக்கு ஏசியே இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று. வாயை மூடுடி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“ம், சொல்லு” என்றேன்.