பேச்சு நின்ற கிலோமீட்டர்

1.

இந்தக் கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. செஞ்சியில் பள்ளி மைதானத்தில் காலையில் நடப்பேன். முழங்கால் ஒத்துழைக்காது, அதனால் மெதுவாக. என்னைத் தாண்டி இரண்டு பெண்கள் ஓடுவார்கள். ஓடிக்கொண்டே பேசுவார்கள். சுற்றுக்கு ஒருமுறை என்னைக் கடக்கும்போது இரண்டு வரி என் காதில் விழும். மிச்சத்தை அந்தப் பக்கம் இருக்கும் கோல் போஸ்ட்டுக்குச் சொல்லிவிட்டு வருவார்கள்.

"...அதுக்கு எங்க மாமியாரு இன்னா சொன்னாங்க தெரியுமா?"

அடுத்த சுற்றில்:

"...அப்புறம் அந்தப் பூனையத் தூக்கினு போயி அவங்க வூட்டுலயே வுட்டுட்டேன்க்கா!"

மாமியார் என்ன சொன்னார், பூனை எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் நான் நிரப்பிக்கொண்டு நடப்பேன். எனக்குக் கதை எப்போதும் அப்படித்தான் வரும். முகம் பிறகு வரும், ஊர் பிறகு வரும். யாரோ யாரிடமோ ஏதோ சொல்வதுதான் முதலில் கேட்கும்.

இந்தக் கதையில்தான் மாட்டிக்கொண்டேன். இதில் முக்கியமான இடத்தில் யாரும் பேசவில்லை.

2.

(முதல் தொடக்கம்.)

ராஜகிரிக் கோட்டையின் உச்சியில் சூரியன் தன் முதல் கதிரை

வேண்டாம். அந்த இருவரில் மூத்தவளான ஜெயசுதா ஓடும்போது மலையை நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. குழியில் கால் வைத்துவிடுவோமோ என்று தரையைப் பார்த்தே ஓடுவாள்.

(இரண்டாம் தொடக்கம்.)

"இந்த வெலைக்கு ஷூவா? எங்க வூட்ல கன்னுக்குட்டியே வாங்கிடுவாங்கடி."

"கன்னுக்குட்டி மேல ஏறி ஓடுனா மாரத்தான்ல சேத்துக்க மாட்டாங்கக்கா."

இது சரி. இங்கிருந்து போகலாம்.

ஜெயசுதாவுக்குச் சிங்கவரம். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறாள். நாற்பது தாண்டியவள், உட்கார்ந்தே வேலை. ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தவள்தான் மோனிகா. தொண்டூர்ப் பெண், முப்பதுகூட ஆகவில்லை.

"சுகர் வாசப்படில நிக்குதுக்கா. உள்ள வரலாமான்னு கேக்குது."

"வராதன்னு சொல்லு."

"நான் சொன்னா கேக்காது. நாளைக்குக் காலைல கிரவுண்டுக்கு வாங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. மைதானத்தில் ஓட வருகிறவர்களுக்கு வழி சொல்லித்தருகிறவர் தங்கராஜ் மாஸ்டர், ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். வாட்ச் கட்டிக்கொண்டு வந்தால் கழற்றி வைக்கச் சொல்வார்.

"பேச்சுதான் உங்களுக்கு மீட்டர். பக்கத்துல ஓடறவங்ககிட்ட ஒரு வாக்கியம் முழுசா சொல்ல முடிஞ்சா வேகம் சரி. சொல்ல முடியலயா, வேகம் ஜாஸ்தி, கொறைச்சிக்கோ. கூட ஓடறவ பேச்ச நிறுத்திட்டாளா, நீ நின்னு ஏன்னு கேளு. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மீட்டரு."

(கதையின் ஓரத்தில் ஒரு குறிப்பு: அதனால் அவர்களுக்குப் பேச்சு தேவைப்பட்டது, வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்தார்கள். மோனிகா போனில் ஏதாவது ஆரம்பித்தால் ஜெயசுதா வாயை அடைப்பாள்: "இப்ப சொல்லித் தொலைக்காத. ஞாயித்துக்கிழமை ஓட்டத்துக்கு வெச்சிக்கோ." ஞாயிறன்று சிங்கவரம் ரோட்டில், மணிலாக் கடலைக் கொல்லைகளைத் தாண்டி நெடுந்தூரம் ஓடுவார்கள். அன்றைக்கு நிறைய விஷயம் வேண்டும். இரண்டு குடும்பத்திலும் ஒரு சண்டைகூட வீணாகவில்லை.)

3.

ஜனவரியில் சென்னையில் மாரத்தான். இருவரும் பெயர் கொடுத்தது பாதித் தூரத்துக்கு, இருபத்தொரு கிலோமீட்டர். விடியுமுன் ஓட்டம் என்பதால் முந்தின நாளே போய், ஜெயசுதாவின் நாத்தனார் ஆண்டாள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு.

இந்தப் பகுதியை நான் நாலு தடவை எழுதினேன். நாலு தடவையும் ஆண்டாள் கெட்டவளாக வந்தாள். கெட்டவளாக எழுதினால் எனக்குச் சுலபம், ஜெயசுதாவுக்கும் சுலபம். ஆனால் ஆண்டாள் அன்றைக்கு, ஓடுகிறவர்களுக்குப் புளி ஆகாதாமே என்று விசாரித்து, தனியாகப் பருப்புச் சோறு வடித்தவள். மோனிகாவின் தலைமுடியைப் பார்த்து, "இன்னா எண்ண தேய்க்கிற, இப்படி இருக்குது?" என்று ஆசையாகக் கேட்டவள். அடுத்து வந்த கேள்வியும் அதே குரலில்தான் வந்தது.

"தொண்டூர்ல எந்தத் தெருவும்மா நீங்க?"

மோனிகா சொன்னாள்.

ஆண்டாள் "அப்படியா" என்றாள். முகம் மாறவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ஜெயசுதாவுக்கு எவர்சில்வர் டம்ளர். மோனிகாவுக்குப் பேப்பர் கப்.

"கழுவற வேல மிச்சம் பாரு," என்றாள், யாரும் கேட்காமலே.

ஜெயசுதா தன் டம்ளரைப் பார்த்தாள். சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது. 'எனக்கும் அதுலயே குடு அண்ணி.' அவ்வளவுதான். அது வாய் வரைக்கும் வந்தது. தங்க வந்த வீடு, புருஷனின் அக்கா, நாளைக்குக் காலையில் ஓட வேண்டும் என்று மூன்று காரணமும் கூடவே வந்தன. அவள் தண்ணீரைக் குடித்தாள்.

மோனிகாவும் குடித்தாள். குடித்துவிட்டுக் கப்பைக் கசக்காமல், எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

4.

காலையில், கடற்கரைச் சாலையில், ஆயிரக்கணக்கான கால்கள். மைக்கில் யாரோ எண்ணினார்கள். ஓடத் தொடங்கினார்கள்.

"நல்லா தூங்கினியாடி?"

"ம்."

"கால்ல பிளாஸ்டர் ஒட்டினியா?"

"ஒட்டிட்டேன்க்கா."

அப்புறம் பேச்சு இல்லை.

(இங்கேதான் என் காது செவிடாகிறது. இந்தச் சாலையில் காலடிச் சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்கிறது. ஒரு வர்ணனை போட்டு நிரப்பலாம். கடல் அலை

கூடாது. அந்த இருட்டில் ஜெயசுதா கடலையும் பார்க்கவில்லை.)

பக்கத்தில் மோனிகா பேசாமல் ஓடிவருகிறாள். மைதானத்தில் என்றால் ஜெயசுதா அந்த இடத்திலேயே நின்று, "இன்னாடி, மீட்டர் நின்னுபோச்சு?" என்று கேட்டிருப்பாள். இன்றைக்குக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும் ஏன் பேசவில்லை என்று. தெரியும் என்று நினைத்தாள். ஏன் என்று கேட்டால் பதிலில் அந்தக் கப்பு வரும். கப்பு வந்தால் தன் டம்ளரும் வரும். ஓடி முடிக்கட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பாலத்தைத் தாண்டித் தண்ணீர் மேஜை. வரிசையாகப் பேப்பர் கப். மோனிகா ஒன்றை எடுத்தாள். குடிக்கவில்லை. அதை ஒரு நிமிஷம் பார்த்தாள், பிறகு ஜெயசுதாவைப் பார்த்தாள். தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு கப்பைக் கீழே போட்டாள்.

சொல்லிக்காட்டுகிறாள் என்று ஜெயசுதாவுக்குப் பட்டது. "நான் கொஞ்சம் முன்னாடி போறேன், நீ மெதுவா வா," என்று சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினாள். பின்னால் ஒரு விசில் ஊதியது. ஓட்டத்தில் விசில் ஊதிக்கொண்டேதான் இருப்பார்கள். அவள் திரும்பவில்லை.

முடிவுக் கோட்டைத் தாண்டினாள். கழுத்தில் மெடலைப் போட்டார்கள். இரண்டு வாழைப்பழம் கேட்டு வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றாள். சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தாள். 'மோனி, நேத்து நான் வாயத் தொறந்திருக்கணும்டி. தப்புதான்.' நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள். வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வெயில் ஏறியது. வருகிறவர்கள் குறைந்தார்கள். வாழைப்பழம் கையிலேயே கறுத்தது.

அப்புறம் மைக்கில் ஜெயசுதாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

5.

வழியிலேயே விழுந்துவிட்ட மோனிகாவுக்கு இதயத்தில் பிறவியிலேயே ஏதோ கோளாறு, யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை என்றார் டாக்டர். ஆண்டாள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். மோனிகாவின் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நிஜமாகவே அழுதாள். அதை என்ன செய்வது என்று ஜெயசுதாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் ஜெயசுதா தொண்டூர் போனாள். மோனிகாவின் அம்மா தைலம்மாள் வாசலில் மணிலா உரித்துக்கொண்டிருந்தாள்.

"வெயில்ல வந்திருக்கியேம்மா. சாப்டியா?"

உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நல்லா விளக்கிய சொம்பு. ஜெயசுதா அதை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

"ஓடும்போது வாய் ஓயாம பேசுவீங்களாமே ரெண்டு பேரும். சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். கடசியா இன்னாம்மா பேசுச்சி எம்பொண்ணு?"

ஜெயசுதா சிதறிக் கிடந்த மணிலாத் தோலை ஒதுக்கினாள்.

"நீதான கூட இருந்த."

"அடுத்த ஞாயிறு வரேம்மா. வந்து சொல்றேன்," என்று எழுந்து வந்துவிட்டாள்.

6.

மறுநாள் மைதானத்தில் என் முன்னால் வந்து நின்றாள். அதுவரை நாங்கள் பேசியது கிடையாது. எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு, "நீங்க கத எழுதறவங்களாமே," என்றாள். "அவ இன்னா சொல்லிருப்பான்னு ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா. அந்தம்மாகிட்ட சொல்லணும்."

எழுதினேன். ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன்.

முதல் முடிவு. ஜெயசுதா சொல்கிறாள்: "உங்களப் பத்திதாம்மா பேசினா. அம்மாவ ஒருவாட்டி சென்னைக்குக் கூட்டியாரணும்னு சொன்னா."

"வேணாம்," என்றாள். "அவ அம்மாவப் பத்திப் பேசுனா திட்டித்தான் பேசுவா. அந்தம்மா கண்டுபுடிச்சிடும்."

இரண்டாம் முடிவு. ஜெயசுதா சொல்கிறாள்: "ஒண்ணும் பேசலம்மா. முந்தின நாளு எங்க நாத்தனாரு வூட்ல

"நிறுத்துங்க. பொண்ணப் பறிகுடுத்துட்டு ஒக்காந்திருக்குது. அந்தக் கப்ப இப்ப அதுங் கையில குடுக்கச் சொல்றீங்களா?"

மூன்றாம் முடிவு. இதில் நான் கொஞ்சம் துணிந்துவிட்டேன். தண்ணீர் மேஜையில் மோனிகா கப்பைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறாள்: "இங்க பாருக்கா, இங்க எல்லாருக்கும் பேப்பர் கப்புதான். ஒங்க நாத்தனாரு நேத்தே எனக்கு டிரெய்னிங் குடுத்துட்டாங்க!"

ஜெயசுதா சிரித்தே விட்டாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் முந்தானையை எடுக்கவில்லை.

"அவ பேச்சுதாம்மா இது. அச்சு அசலு அவதான்." பிறகு, "ஆனா அவ பேசலியே," என்றாள்.

மூன்றாவதையும் அடித்துவிட்டேன்.

7.

அந்த வாரம் முழுக்க அவள் ஓடவில்லை, என்னோடு நடந்தாள். என் வேகத்துக்கு. வெங்காய விலை, கடையில் ஜாக்கெட் அளவுக்குச் சண்டை போட்டவள், என் முழங்கால் என்று எதையாவது பேசிக்கொண்டு. பேச்சு நிற்கக்கூடாது என்று இருவரும் பார்த்துக்கொண்டோம் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை இரண்டாம் சுற்றில், கோல் போஸ்ட் பக்கம் வரும்போது, அவள் கேட்ட ஏதோ ஒன்றுக்கு நான் பதில் சொல்லவில்லை. நாலு எட்டு நடந்திருப்போம்.

என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். வலிக்கிற மாதிரிப் பிடி.

"ஏன் பேசல?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஏன் பேசலன்னு கேக்கறேன் இல்ல?"

"மூச்சு வாங்குதும்மா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

பிடியை விட்டாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். "இவ்ளோதாம்மா," என்றாள். "நான் கேட்டிருந்தா அவளும் இவ்ளோதான்" என்று ஆரம்பித்தாள். அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

மோனிகாவும் மூச்சு வாங்குது என்றுதான் சொல்லியிருப்பாளா, அல்லது கப்பைப் பற்றியே கேட்டிருப்பாளா, எனக்குத் தெரியாது. எது என்றாலும், அவளைக் கேட்க ஒருத்தி பக்கத்தில் நின்றிருப்பாள். எழுதுகிறவளாக நான் போகக்கூடிய தூரம் இதுதான்.

8.

ஞாயிற்றுக்கிழமை தொண்டூர் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன். "கூட வாங்கம்மா," என்றாள். போகவில்லை. போனால் காதில் விழும். விழுந்தால் எழுதிவிடுவேன்.

அதனால் உங்களை அனுப்புகிறேன். இவ்வளவு தூரம் அவளோடு வந்துவிட்டீர்கள். பஸ் நின்றுவிட்டது. தைலம்மாள் வாசலில் இருக்கிறாள். சொம்பில் தண்ணீர் வந்துவிட்டது.

"சொல்றேன்னு சொன்னியேம்மா. கடசியா இன்னா பேசுச்சி?"

ஜெயசுதா சொம்பைக் கீழே வைக்கிறாள்.

இப்போது அவளுக்குப் பக்கத்தில் இருப்பவர் நீங்கள்தான். ஒருவேளை அவள் பேசவில்லையென்றால், நின்று, ஏன் என்று கேளுங்கள்.