பிளானுக்கும் ஸ்கீமுக்கும் நடுவில் ஒரு வீடு

கருவாடும் கருப்பட்டியும் சேர்ந்து எங்காவது மணந்தால் எனக்கு இன்றைக்கும் 1951 திரும்பி வந்துவிடும். ராயபுரத்தில் எங்கள் அய்யாவின் கருப்பட்டிக் கிடங்குக்குப் பின்னால், கடலைப் பார்த்தபடி மீன்காரி மங்கம்மாவின் ஓலை வீடு. தெருவுக்கு இங்கிலீஷ் காகிதம் எது வந்தாலும் படித்துச் சொல்பவன் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன், தெரியாததையும் தெரிந்ததுபோல் சொல்லப் பழகியிருந்தேன்.

கடலோரமாகச் சாலை வரப்போவதாக மங்கம்மாவுக்கு முந்தின வருஷம் ஒரு காகிதம் வந்தது. அதில் ‘பிளான்’ என்றிருந்தது. பதில் போடாதே என்றேன். முதல் விலைக்கு வாய் திறப்பவன் வியாபாரியா? மீன் ஏலத்தில் அவளும் அப்படித்தான் நிற்பாள். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை; தெருவில் என் மதிப்பு ஏறிவிட்டது.

1951-இல் வந்த காகிதத்தில் ‘ஸ்கீம்’ என்றிருந்தது. இரண்டும் திட்டம்தான் அக்கா, சும்மா இரு, அவனே இறங்கி வருவான் என்றேன்.

நாலு வாரம் கழித்து, சர்வே ஆபீஸ் கருணாகரன் கருப்பட்டி வாங்க வந்தார். பிளானுக்கும் ஸ்கீமுக்கும் என்ன வித்தியாசம் என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

“பிளான்னா நாங்க ஆசைப்படறது. ஸ்கீம்னா, யாரும் வேணாம்னு சொல்லலைன்னா நடந்துடறது. முப்பது நாள்ல மனு வரலைன்னா சம்மதம்னு எழுதிடுவாங்க.”

எண்ணிப் பார்த்தேன். இருபத்தெட்டாவது நாள். ஓடினேன்.

மங்கம்மா தலைக்கூடையை இறக்காமலே கேட்டாள். “இன்னா நைனா, வாய மூடிகினு கெடன்னதும் நீ, இப்ப கத்துன்றதும் நீயா?”

அன்றே மனு எழுதினேன். விசாரணைக்கும் கூடப் போனேன். அதிகாரி திருவொற்றியூருக்கு உள்ளே தள்ளி மனை தருவதாகச் சொன்னார். கட்டுமரத்தைத் தினமும் யார் தூக்கி வருவது, நீங்களா என்று இவள் கேட்டாள். அந்தக் காலத்து அதிகாரிகளுக்குச் சிரிக்கத் தெரியும். வரைபடத்தில் சாலைக் கோட்டைப் பன்னிரண்டு அடி நகர்த்த வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். வீடு பிழைத்தது.

கோடு நகர்ந்த பக்கம் எங்கள் கிடங்கு இருந்தது.

பின்சுவரை இடித்த அன்று அய்யா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார். “அந்த மனுவ எழுதினது யாருலே?”

நான் வாய் திறக்குமுன் மங்கம்மா முந்திக்கொண்டாள். “உம் புள்ளதான் மொதலாளி. தங்கமான கையெழுத்து.”

அய்யா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மங்கம்மா நன்றிக்கு அனுப்பிய வஞ்சிரத்தில் எனக்கு ஒரு துண்டுகூட வைக்காமல் தானே தின்று தீர்த்தார்.