முன்னும் பின்னும் எடுத்த படங்கள்

அவள் கன்னத்தில் விட்ட முதல் அறையில் ஃபோகஸ் தவறிவிட்டது. இரண்டாவதில் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூன்றாவதுதான் அவன் நினைத்தபடி விழுந்தது. உதடு பல்லில் மாட்டிக் கிழிந்தது. இடது காதுத் தோடு கொக்கியோடு பிய்த்துக்கொண்டு பறந்து கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. அவள் சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்வதற்குள் அவன் ஓடினான். அவளிடம் இல்லை, ட்ரைபாடில் நின்ற கேமராவிடம். குனிந்து அதன் திரையைப் பார்த்தவன், "வந்துடுச்சு! வந்துடுச்சுடி!" என்று கத்தினான். காலை பதினோரு மணி வெயில் ஜன்னல் வழியாக அளவாக விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்காகத்தான் கட்டிலை ஓரமாகத் தள்ளி, சுவருக்கு வெள்ளையடித்து, அவளை அங்கே நிற்க வைத்திருந்தான். பிறகு ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்து வந்து துண்டில் சுற்றி, குழந்தைக்கு வைப்பதுபோல அவள் கன்னத்தில் வைத்தான். "ரெண்டு நிமிஷம் பொறுத்துக்க, வீக்கம் வடிஞ்சிடும்" என்றான். குரலில் அவ்வளவு கனிவு.

எட்டு வருடக் குடித்தனத்தில் அதற்கு முன் அவன் கை நீட்டியதே இல்லை. அவனுடைய நல்ல சட்டையை அவள் இஸ்திரிப்பெட்டியால் பொசுக்கியபோதுகூட இரண்டு நாள் பேசாமல் இருந்தான், அவ்வளவுதான். அதுதான் அவளைப் போட்டுக் குழப்பியது. கோபத்தில் அடிக்கிறவன் என்றால் எப்போது ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். கோபமே இல்லாமல் அடிக்கிறவனிடம் எதைப் பார்த்து ஒதுங்குவது? அவள் அவனைத் திட்டவில்லை, அழவும் இல்லை. ரத்தத்தை விழுங்கிக்கொண்டு, தரையில் சிந்தியதைத் துடைத்தாள். துடைக்கும்போது அவளுக்கு வந்தது வெறும் பயம்.

எல்லாவற்றுக்கும் காரணம் போன வருடத்துப் போட்டி. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் புகைப்படக் கலைஞன். ஊரில் பொழுதுபோக்காகப் படம் எடுக்கிறவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. நாற்பது பேர், நாற்பது கேமரா, நாற்பது கழுத்துவலி. மாதம் ஒரு தலைப்பு, மாதம் ஒரு போட்டி. அந்தச் சங்கத்தில் சூரியன் மாதத்துக்கு நாற்பது தடவை அஸ்தமனமாகும். பனித்துளி இல்லாமல் ஒரு பூ பூக்காது. முகத்தில் நாலு சுருக்கம் விழுந்த கிழவர் யாரும் அந்த ஊரில் நிம்மதியாக டீ குடிக்க முடியாது. போன வருடம் இவன் அவள் கண்ணில் மருந்துவிட்டு அழவைத்து ஒரு படம் எடுத்துக் கொடுத்தான். சங்கத் தலைவரும் நடுவருமான பல் டாக்டர் அதைத் திரையில் போட்டு, எல்லார் முன்னாலும் சொன்னார்: "கண்ணீர் இருக்கு. வலி இல்ல. இதே படத்தை நான் நூறு தடவை பாத்தாச்சு. யார்கிட்டயும் இல்லாத ஒண்ணைக் கொண்டு வாங்க சார்." மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர் ஒருவர், மாதாமாதம் பரிசு வாங்குகிறவர், அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு வருடமாக இவன் காதிலிருந்து இறங்கவே இல்லை. இந்த மாதத் தலைப்பு 'வலி' என்று அறிவித்த அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். மறுநாள் சுவருக்கு வெள்ளையடித்தான்.

அவள் வேலை பார்த்தது கோழி வெட்டும் ஆலையில். வரிசையில் நின்று, கொக்கியில் தொங்கி வரும் ஒவ்வொன்றிலும் காலைத் தொடையிலிருந்து பிரிக்க வேண்டும்; கத்தியை மூட்டில் விட்டு ஒரு திருப்பு. நிமிடத்துக்குப் பதினெட்டு. ரப்பர் பூட்ஸ், முட்டிவரை ரத்தத்தண்ணீர், காதில் அடைப்பான். பக்கத்தில் நிற்பவள் உதட்டைக் காட்டிக் கேட்டபோது, "கதவு இடிச்சிடுச்சு" என்றாள். எத்தனையோ பெண்கள் சொல்லித் தேய்ந்துபோன பொய் அது. பக்கத்தில் நிற்பவள் நம்பவில்லை, ஆனால் கோழிகள் வந்துகொண்டே இருந்ததால் மேலே கேட்கவில்லை.

படத்துக்கு முதல் பரிசு என்று வாட்ஸப்பில் செய்தி வந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, எந்தச் சுவரின் முன் எடுத்தானோ அதே சுவரில் மாட்டினான். அவள் முகம், பக்கவாட்டில் திரும்பி, வாயோரம் ஒரு சொட்டு அந்தரத்தில், அதற்குப் பக்கத்தில் தோடு. யாருடைய கையும் அதில் இல்லை. இடதுபக்கத்தை அழகாக வெட்டியிருந்தான். அவள் தினமும் அதன் எதிரில்தான் தலைவாரிக்கொள்ள வேண்டியிருந்தது.

அதற்கடுத்த புதன்கிழமை வேலையிலிருந்து வந்தபோது மொட்டைமாடியில் ஒரு நீல டிரம் நின்றது. பக்கவாட்டில் ஒரு சதுரம் வெட்டிக் கண்ணாடி பதித்து, ஓரமெல்லாம் பசை பூசியிருந்தான். கை சுத்தமான வேலைக்காரன், ஒரு சொட்டு ஒழுகாது.

"என்னங்க இது?"

"அடுத்த மாசத் தலைப்பு தண்ணீர்." டேப்பை எடுத்து அவள் தோளைக் குறுக்கே அளந்தான். "உள்ள உக்காந்தா சரியா இருக்கும். கண்ணை மட்டும் தொறந்தே வெச்சிருக்கணும். சும்மா மூச்சடக்கி நடிச்சேன்னு வெச்சுக்க, அந்த டாக்டர் கண்டுபிடிச்சிடுவார்."

"மூச்சு முட்டுமேங்க."

"முட்டணும். அதானே படம்."

"நான் பாதியில எந்திரிச்சிட்டா?"

அவன் சிரித்தான். "அதுக்குத்தான் மூடி வாங்கியிருக்கேன்."

அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டாள். முதல்முறையாக உள்ளதை உள்ளபடி சொன்னாள், அறைந்ததையும் டிரம்மையும். அக்கா, "கோவத்துல அடிக்கலையேடி. ஒரு படத்துக்குத்தானே? நானும் அந்தப் படத்தைப் பாத்தேன், எல்லாருக்கும் அனுப்பியிருக்கேன், அவ்வளவு நல்லா இருக்கு. தண்ணிக்குள்ள வெச்சு எடுக்கிறதெல்லாம் பத்திரமாத்தான் எடுப்பார். நீயா எதையாவது கற்பனை பண்ணாத" என்றாள். அவள் போனை வைத்துவிட்டு, வாளியில் தண்ணீரை நிரப்பி, அதில் முகத்தை அமிழ்த்தி எண்ணிப் பார்த்தாள். இருபத்தெட்டு வரைதான் தாங்கியது.

இதற்கு நடுவில்தான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார். அந்தத் தோடு காற்றில் நிற்பது இயற்கைக்கு விரோதம், அது கம்ப்யூட்டர் போட்ட தோடு, படமே அசல் இல்லை என்று. சங்க விதிப்படி ஆட்சேபணை வந்தால், எடுத்தவர் வெட்டாத மூலப்படத்தையும் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் சபையில் காட்ட வேண்டும். அவன் கொதித்துப் போனான். இந்தப் பயலுக்கு இருக்கிறது என்றான். அவளுக்கோ எந்தப் பக்கம் பார்த்தாலும் டிரம்தான் தெரிந்தது. அசல் இல்லை என்று தீர்ப்பானால், நீ ஒழுங்காக நிற்காததால்தான் என்று மறுபடி சுவருக்கு முன்னால் நிறுத்துவான். அசல் என்றானால் தண்ணீர். "நீயும் வா, மாடல் நிஜமான ஆள்தான்னு பாக்கட்டும்" என்று அவளையும் கிளப்பினான். ஞாயிறு காலை விசிலடித்துக்கொண்டே தன் சட்டையைத் தானே தேய்த்தான்.

கூட்டம் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சிப் பள்ளியின் மாடியில். திரைச்சீலைகளை இழுத்துவிட்டு ப்ரொஜெக்டரைப் போட்டிருந்தார்கள். எல்லார் கழுத்திலும் கேமரா. இரண்டு தெரு நடந்து வருவதற்கும் அதை மாட்டிக்கொண்டுதான் வருவார்கள். வேறு எவனாவது என்றால் வேண்டிய நாலைந்து படத்தை மட்டும் பொறுக்கித் தனியாகக் கொடுத்திருப்பான். இவன் மெமரி கார்டையே கழற்றி டாக்டரிடம் நீட்டினான். "ஒண்ணு விடாம அப்படியே இருக்கு சார். எதையும் அழிக்கல. நல்லா பாத்துக்கங்க." அவனுடைய நினைப்பெல்லாம் தோட்டின் மேலேயே இருந்தது. தோடு எங்கே கிளம்பியது, எப்படிச் சுழன்றது, எங்கே விழுந்தது. அதை மட்டுமே அந்தப் படங்களில் அவன் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தான். வேறு என்ன இருக்கிறது என்பது அவன் கண்ணில் படவே இல்லை.

டாக்டர் லேப்டாப்பில் கார்டைச் செருகி, ஒவ்வொன்றாகத் தட்டினார். திரையில் அவள் முகம் சுவர் அளவுக்கு வந்தது. அவன் பக்கத்தில் நின்று விளக்கினான், வாயெல்லாம் பல்.

"பாருங்க, இதுல தோடு காதுலயே இருக்கு. அடுத்தது போடுங்க. இப்பக் கொக்கி இழுபடுது. அடுத்தது. ஆங், இப்பப் பாருங்க. கெளம்பிடுச்சு. இடது கைல ரிமோட் சார். அமுக்கிப் பிடிச்சா நொடிக்குப் பத்துப் படம். வலது கை…"

பேச்சு அங்கே நின்றது. வலது கை திரையில் இருந்தது. முழங்கையிலிருந்து விரல்வரை, கைக்கடிகாரத்தோடு. அந்தக் கடிகாரம் இப்போதும் அவன் கையில் இருந்தது. திரையில் கை அவள் கன்னத்துக்குள் புதைந்திருந்தது. கன்னம் ஒரு பக்கமாகச் சுருட்டிக்கொண்டு போயிருந்தது.  

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "தோடு நிஜம்தான். என் ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பாவி மனுஷன், கடைசிவரை தோட்டை விடவில்லை.

டாக்டரின் விரல் நிற்காமல் பின்னால் தட்டிக்கொண்டே போனது. இரண்டாவது அறை வந்தது. முதல் அறை வந்தது, கலங்கலாக. மறுபடி முன்னால் தட்டி வந்தவர், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், அவன் ரிமோட்டைத் தெரியாமல் அமுக்கியதில் பதிந்த ஒரு படத்தில் நிறுத்தினார். அதில் அவள் உள்ளங்கையை முன்னால் நீட்டி, வாயைத் திறந்திருந்தாள்.

"ஏம்மா," டாக்டர் அவள் பக்கம் திரும்பாமலே கேட்டார், "இதுக்கு நீங்க ஒத்துக்கிட்டுத்தானே…?"

"ஒத்துக்காமலா சார் மூணு தடவை நிப்பா?" என்றான் அவன்.

அவள் பின்வரிசை நாற்காலியில் இருந்தபடியே சொன்னாள், "அதுல என் வாயைப் பாருங்க டாக்டர். தெனமும் வாயைத்தானே பாக்கறீங்க. போதும்னு சொல்றேன்."

டாக்டர் பார்த்தார். உதடுகள் குவிந்திருந்த விதத்தில் அந்தச் சொல் இருந்ததோ என்னவோ, அவர் சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டார். அவன் பொறுமை இழந்து, "அசலா இல்லையா சார்? அதை மட்டும் சொல்லுங்க" என்றான்.

"அசல்தான்" என்றார் டாக்டர். குரல் உள்ளே போயிருந்தது. கையிலிருந்த விதித்தாளைப் புரட்டினார். அதில் தோடு, வெட்டு, ஒட்டு எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. இதற்கு இல்லை. "விதிப்படி பரிசு மாறாது. அது வந்து… இதைக் கமிட்டில தனியா பேசிக்கலாம். அடுத்த மாசத் தலைப்பு தண்ணீர். படங்களைப் பதினஞ்சாம் தேதிக்குள்ள அனுப்பணும்." மண்டபமே ஒரு மூச்சு விட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. ஒருவர் பையின் ஜிப்பை இழுத்தார். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம், மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம்.

அவளுக்கு இவ்வளவுதானா என்று இருந்தது. ஆத்திரம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. இத்தனை நாள் எங்கே கிடந்ததோ தெரியவில்லை. எழுந்து நாற்காலிகளுக்கு நடுவே நேராக நடந்து, லேப்டாப்பிலிருந்து கார்டை உருவிக் கைக்குள் மூடிக்கொண்டாள். திரையில் அந்தப் படம் அப்படியே உறைந்து நின்றது.

"மாடில டிரம் வெச்சிருக்கார்" என்றாள் சபையைப் பார்த்து. "என் தோள் அளவுக்கு. மூடி போட்டு."

"ஏய், கார்டைக் குடு." அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "குடுன்னு சொல்றேன்ல. அதுல எல்லாம் இருக்கு."

"ஆமா. எல்லாம் இருக்கு."

மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தான். அவள் விடவில்லை. நகம் அவளுடைய உள்ளங்கையிலேயே இறங்கியது. அவன் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தான். வலி தோள்வரை ஏறி, அவள் முட்டி மடங்கிற்று. மேஜை சரிந்து தண்ணீர்ப் பாட்டில் உருண்டது. யாரோ "சார், சார்" என்றார்கள், யாரும் கிட்டே வரவில்லை. அவள் கையை இழுத்த இழுப்பில் அவன் தடுமாறி, அவமானமோ வெறியோ, இந்தத் தடவை நிஜமான கோபத்தோடு வலது கையை ஓங்கினான்.

அவள் ஒதுங்கவில்லை. கழுத்தைத் திருப்பி, அந்த நாற்பது கழுத்துகளையும் பார்த்துக் கத்தினாள்.

"எடுங்க!"

யாரும் அசையவில்லை.

"வலி வேணும்னுதானே கேட்டீங்க? எடுங்க. இப்ப எடுங்க!"

ப்ரொஜெக்டர் வெளிச்சம் நேராக அவன் மேல் விழுந்தது. அவள் வாய் திறந்த படம் அவன் சட்டையில் நெளிந்தது. ஓங்கிய கையின் நிழல் திரையில் கூரைவரை போனது. பின்வரிசையில் யாரோ ஒருவர் கேமராவைத் தூக்கினார். ஒரு ஷட்டர் சத்தம். பிறகு இன்னொன்று, பிறகு பக்கத்திலிருந்து மூன்றாவது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முகத்தருகே கேமராவை வைத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடினார். அவள் இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருந்தாள். சத்தங்கள் கூடிக்கொண்டே வந்தன. அவன் கை மேலேயே நின்றது.