சாக்பீஸ் வட்டம்

நாலு நாளாக நான் வீட்டில் யாரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. யாரையும் என்றால் என் வீட்டுக்காரரையும் பீப்பாயையும். பீப்பாய் எங்கள் நாய். நெஞ்சு அப்படி இருக்கும், பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

இந்த மாதிரிப் பெரிய நாய்களுக்குத் திடீரென்று வயிறு உப்பி இரைப்பை முறுக்கிக்கொள்ளுமாம். என் நாத்தனார் வீட்டில் பீப்பாயின் தாய் அப்படித்தான் போனது. காலையில் வாலாட்டியது, மதியம் இல்லை. அதனால்தான் இரைப்பை திரும்பாதபடி அதை வயிற்றுச் சுவரோடு சேர்த்து முன்கூட்டியே தைக்கச் சொன்னேன். கேமரா விட்டுச் செய்வது, இரண்டே சின்னக் கீறல்.

"நல்லா ஓடியாடுற நாயை எதுக்கு அறுக்கணும்?" என்றார் வீட்டுக்காரர்.

"தையலைப் பத்தி எனக்கே பாடமா?" என்றேன். முன்னறையில் பதினெட்டு வருஷமாகத் துணி தைக்கிறவள் நான்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் வலப்பக்கக் கீறலுக்குக் கீழே எலுமிச்சை அளவுக்கு வீங்கியது. ஆபரேஷன் செய்த கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன். "வீக்கம் பெருசாகுதான்னு பாத்துக்கிட்டே இருங்க, நக்க விடாதீங்க" என்றார் டாக்டரம்மா.

பார்ப்பது என்றால் எனக்கு அளப்பதுதான். அறுத்தது நான் சொல்லி. பீப்பாய்க்கு ஏதாவது ஆனால் நான் கொன்றதாகிவிடும். இந்த நினைப்பு வந்தால் மெஷினில் உட்கார முடியவில்லை. ஒரு மடிப்புத் தைப்பேன், எழுந்து போய் நாயைப் புரட்டுவேன். வீக்கத்தின் விளிம்பை விரலால் அழுத்திக் கண்டுபிடித்து, துணியில் குறி போடும் நீலச் சாக்பீஸால் சுற்றி வட்டம் போடுவேன். மழித்த தோலில் அது நிற்காது. அரைமணியில் மறுபடி அழுத்துவேன், மறுபடி போடுவேன்.

பழி முழுக்க வீட்டுக்காரர் தலையில். நாய் புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பை, அது சாப்பிடும்போது பாவம் பார்த்து ஒரே ஒரு தடவை கழற்றிவிட்டிருந்தார். "அந்த ஒரு நிமிஷத்துல நக்கித் தொலைச்சிருக்கு" என்று நாலு நாளும் காய்ச்சி எடுத்தேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

ஏழாம் நாள் காலை கீறல் ஓரத்தில் வாய் பிளந்து நீர் கசிந்தது.  இரண்டு பேருமாக பீப்பாயைத் தூக்கி வண்டியில் போட்டோம்.

டாக்டரம்மா ஈரப் பஞ்சால் துடைத்தார். பஞ்சு நீலமாக வந்தது. அடுத்த பஞ்சும் நீலம்.

"உள்தையல் கெட்டியா இருக்கு, இரைப்பைக்கு ஒண்ணும் ஆகல. தோல்தான் விட்டிருக்கு. வெறும் நீர் கோத்ததுதான், தொடாம இருந்திருந்தா தானா வத்தியிருக்கும். இது நக்கினது இல்ல, யாரோ அழுத்தி அழுத்தித் தேய்ச்சிருக்காங்க. இந்தத் தூள் உள்ள போயிருந்தா சீழ் பிடிச்சிருக்கும். யாரு பண்ணது?"

என் விரல் நுனியெல்லாம் நீலம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நான்தான் டாக்டர்" என்றார் வீட்டுக்காரர்.

மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு தையல் போட்டு முடிக்கும்வரை டாக்டரம்மா அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். என்னிடம் கேட்டுக்கொண்ட மாதிரியே தலை குனிந்து கேட்டுக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே நிம்மதியாகவும் இருந்தது, அதுதான் பெரிய வெட்கம்.

கையுறையைக் கழற்றிவிட்டு டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "பத்து நாளைக்கு இவரைக் கிட்டயே விடாதீங்கம்மா. நீங்க மட்டும் பாத்துக்கங்க."

நான் மட்டும். ஒரு அடி முன்னால் வைத்தேன். மேஜைமேல் பீப்பாய் பின்னங்காலை வயிற்றோடு ஒடுக்கிக்கொண்டது. நான் கிட்டே வந்தால் புரட்டுவேன் என்று அதற்குத் தெரியும்.

"என்னைத்தான் விடக்கூடாது டாக்டர்" என்று இரண்டு கையையும் நீட்டினேன்.

பீப்பாயைப் பின்சீட்டில் படுக்க வைத்துக் கிளம்பினோம். பாதி வழியில் அவர், "உன் கைக்கும் ரெண்டு கூம்பு கேட்டு வாங்கியிருக்கலாம்" என்றார். சிரிப்புத்தான் வந்தது, பாதியில் அழுகையாகிவிட்டது.

பின்சீட்டில் பீப்பாய் முனகியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு, "நீங்க பாருங்க" என்றேன்.